சேலம் தாண்டாத அம்மா

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு வயது 29. பெங்களூரில் மென்பொருள் வேலை. மூன்று வருடங்களாகத் தனியாகப் பயணம் செய்கிறேன். பதினோரு மாநிலங்கள், நான்கு நாடுகள். பயணம் எனக்குப் பொறுமையைக் கொடுத்தது, தைரியத்தைக் கொடுத்தது, நான் யார் என்று எனக்கே காட்டியது. அடுத்த வருடம் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகச் சுற்றலாமா என்று யோசனை. ஆனால் ஊருக்குப் போனால் அம்மா "சாப்டியா, இளைச்சுட்டியே" என்பதோடு சரி. சேலத்தைத் தாண்டாதவர். வீட்டிலேயே இருப்பவர்களுக்குப் பயணம் தரும் பாடங்களை எப்படிப் புரியவைப்பது? தனியாகப் போவது நல்லதா, நண்பர்களோடா? நாட்குறிப்பு அவசியமா?

எஸ், பெங்களூரு
(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

அன்புள்ள எஸ்,

வேலையை விடுவதைப் பற்றி உங்கள் வங்கிக் கணக்கிடம் கேளுங்கள். தனியாகவா கூட்டமாகவா என்பதெல்லாம் ஒரு கேள்வியா? டிக்கெட் எப்படிக் கிடைக்கிறதோ அப்படிப் போங்கள். நாட்குறிப்பில் பஸ் கட்டணத்தையும் சாப்பிட்டதையும் மட்டும் எழுதுங்கள். மனத்தில் எழுந்த எண்ணங்களை எழுத வேண்டாம். பத்து வருடம் கழித்துப் படிக்க முடியாது. அனுபவத்தில் சொல்கிறேன்.

உங்கள் முழுக் கடிதத்தில் 'நான்', 'எனக்கு', 'என்னை' எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்று. ஊர்ப் பெயர்கள் பதினாறு. அந்த ஊர்களில் இருந்த ஒரு ஆள்கூட இல்லை. உங்களுக்கு டீ போட்டவர், வழி சொன்னவர், திட்டியவர் ஒருவரும் இல்லை. பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார் காந்தியைப் பற்றிய படத்துண்டுகளைத் தேடி 1930களின் இறுதியில் உலகத்தைச் சுற்றினார். ஆவணப்படம் 1940இல் வந்தது. அவருடைய பயணக் கட்டுரைகளில் அவரைத் தேடினால் ஏதோ ஒரு ஓரத்தில் நிற்பார். நடுவில் நிற்பதெல்லாம் மற்றவர்கள்தான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வயதில் நான் இன்னும் மோசம். அசாமுக்குப் போனபோது நோட்டின் முதல் பக்கத்தில் 'பயணம் கற்றுத்தந்தவை' என்று தலைப்புப் போட்டு 1, 2, 3 என்று எண்ணும் போட்டுவைத்திருந்தேன். பாடங்கள் வந்து உட்கார வேண்டியதுதான் பாக்கி.

ஜோர்ஹாட்டிலிருந்து நிமாதிகாட் போய், அங்கிருந்து படகில் பிரம்மபுத்திராவைக் கடந்தால் மஜூலி. ஆற்றுக்கு நடுவே உள்ள பெரிய தீவு. சங்கரதேவர் வழி வந்த வைணவ மடங்கள், சத்திரா என்பார்கள், நிறைய இருக்கின்றன. நான் சால்மோரா குயவர்களைப் பார்க்கப் போனேன். அங்கே பெண்கள் சக்கரம் இல்லாமல் கையாலேயே பானை வனைகிறார்கள். அந்தப் பானைகளைப் படகில் ஏற்றிக்கொண்டுபோய் நெல்லுக்கு மாற்றும் வழக்கமும் உண்டு. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

திரும்பும்போது ஷேர் டெம்போவின் டயர் போய்விட்டது. கடைசிப் படகு கிளம்பிவிட்டது. டிசம்பர் குளிர். டெம்போ ஓட்டிய பையன் தன் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டான். மிசிங் பழங்குடி மக்களின் வீடு. மூங்கில் கால்கள் மேல் ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கட்டியது. மரத்தில் வெட்டிய படிகளில் தவழ்ந்துதான் ஏறினேன். நடு வீட்டில் அடுப்பு. சோறு, மீன், மூங்கில் குருத்து.

அந்த அம்மாவுக்கு வயது தெரியாது. பெரிய பூகம்பம் வந்த வருடம் பிறந்ததாகச் சொன்னார். 1950 ஆகஸ்ட் 15, 8.6 அளவு. மலைகள் சரிந்து மண் ஆற்றில் இறங்கி, அடிமட்டமே மேடேறிவிட்டது. அதற்குப் பிறகுதான் ஆறு கரையை வேகமாகத் தின்ன ஆரம்பித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் 1,200 சதுர கிலோமீட்டருக்கு மேல் இருந்த தீவு இன்று அதில் பாதிகூட இல்லை.

என் ஓட்டை இந்தியில், வெளியூர் எங்கெல்லாம் போயிருக்கிறீர்கள் என்று கேட்டேன். உங்களைப் போலவேதான், கொஞ்சம் இரக்கத்தோடு. ஜோர்ஹாட் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை என்றார். காலையில் கரைக்குக் கூட்டிக்கொண்டுபோய் ஆற்றின் நடுவே கை காட்டினார். கல்யாணமாகி வந்த வீடு அங்கே. கொஞ்சம் இப்பால் விரலை நகர்த்தினார், மகன் பிறந்த வீடு. இன்னும் இப்பால், மூன்றாவது. எல்லாம் தண்ணீர். இப்போது இருப்பது நான்காவது வீடு. ஒவ்வொரு தடவையும் தூண்களைப் பிடுங்கிச் சுமந்துகொண்டு வந்திருக்கிறார்கள். கிளம்ப வேண்டும் என்று எப்படித் தெரியும் என்றேன். ராத்திரி கரை இடிந்து விழும் சத்தம் எவ்வளவு கிட்டே கேட்கிறது என்று படுத்தபடியே கணக்குப் போடுவாராம்.

எஸ், 'வீட்டிலேயே இருப்பவர்கள்' என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! யார் வீட்டிலேயே இருந்தார்கள்? உங்கள் அம்மா பிறந்த வீட்டை விட்டு, பழக்கமில்லாத ஊருக்கு, அதிகம் தெரியாத மனிதர்களிடம், திரும்பி வர டிக்கெட் இல்லாமல் ஒரு நாள் கிளம்பி வந்தவர்தானே? அங்கே எந்தத் தண்ணீர் உப்பு, யாரிடம் என்ன பேசக் கூடாது என்று எத்தனை நாளில் கற்றுக்கொண்டார் என்று கேட்டிருக்கிறீர்களா? நீங்கள் மூன்று இரவு தங்கும் விடுதியில் கற்ற பொறுமையை அவருக்குப் புரியவைக்கப் போகிறீர்களாக்கும். அவர் உங்கள் பயணத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்கிறீர்கள். நீங்கள் என்ன சொன்னீர்கள்? 'செமையா இருந்துச்சும்மா' என்பதற்கு மேல் ஏதாவது?

நான் ஊருக்குத் திரும்பி இந்தக் கதையை அம்மாவிடம் சொன்னேன். கும்பகோணத்துக்கு அப்பால் அவள் அதிகம் போனதில்லை. கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். பூகம்பம், பரப்பளவு எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஆத்துல வெள்ளம் வந்தா வீட்டுக்குக் கீழயெல்லாம் தண்ணி நிக்கும்ல? அந்த மூணு மாசத்துக்கு வெறகு எங்கடா வெச்சுக்குவாங்க?"

எனக்குத் தெரியவில்லை. ஒரு ராத்திரி முழுக்க அந்த அடுப்புக்குப் பக்கத்தில்தான் படுத்திருந்தேன். எடுத்த படங்களையெல்லாம் தேடினேன். சூரிய அஸ்தமனம் மட்டும் முப்பது இருந்தது.