அரசுக் கட்டட வேலையில் சப்-கான்ட்ராக்டருக்கு நிற்கும் பாக்கியை எப்படி வசூலிப்பது?

வேலையை முடித்துக் கொடுத்து எட்டு மாதமாகியும் பணம் வரவில்லை, கேட்டால் "டிபார்ட்மென்டிலிருந்து இன்னும் வரலை" என்கிறார் மெயின் கான்ட்ராக்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். இதே பதிலை ஒன்றரை வருடம் கேட்டவன் நான். அவருக்குப் பணம் வந்ததா இல்லையா என்பதை அவர் வாயிலிருந்து தெரிந்துகொள்ளக் காத்திருக்காதீர்கள்.

இந்தியாவில் என்றால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போட்டு, எந்த பில் எந்தத் தேதியில் பாஸானது என்று கேளுங்கள். முடிந்த வேலையின் அளவுகளைத் துறை பதிந்துவைக்கும் எம்-புக்கில் உங்கள் வேலை ஏறியிருக்கும் பக்கங்களின் நகலையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். எனக்கு வந்த நகலில் நான் பூசிய சுவர்கள் அறைவாரியாக, சதுர மீட்டரில் எழுதப்பட்டிருந்தன. பில் பாஸாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்தத் தாளை மேஜைமேல் வைத்த பிறகுதான் அவர் பேச்சு மாறியது.

துறைமீது நேரடியாக வழக்குப் போடுவது பொதுவாக நிற்காது. உங்கள் ஒப்பந்தம் மெயின் கான்ட்ராக்டரோடுதான். ஆனால் இறுதி பில்லும் டெபாசிட்டும் இன்னும் துறையின் கையில் இருந்தால், பாக்கி விவரத்தை எழுதி நிர்வாகப் பொறியாளருக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். பணத்தைப் பிடித்துவைக்க அவருக்குக் கட்டாயமில்லை என்றாலும் தகராறு ஃபைலில் ஏறிவிடும். துறையின் அனுமதி வாங்காமல் உங்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்திருந்தால், மெயின் கான்ட்ராக்டருக்கு இந்தக் கடிதம் இன்னும் சுடும். ஆனால் அதோடு உறவும் முறியலாம். எல்லாப் பணமும் பட்டுவாடா ஆனபிறகு அனுப்பினால் பெரிய பலன் இருக்காது.

மத்திய அரசின் உத்யம் பதிவு வைத்திருக்கும் குறு, சிறு நிறுவனமா நீங்கள்? 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி 45 நாளுக்கு மேல் போனால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக உண்டு. இதற்கென்று மத்திய அரசு நடத்தும் இணையதளத்தில் புகார் பதியலாம். ஆனால் கட்டுமான ஒப்பந்தங்கள் இதில் அடங்குமா என்பது நீதிமன்றங்களில் தகராறான விஷயம். ஒப்பந்தத்துக்குப் பிறகு எடுத்த பதிவும் சிக்கலாகும். ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுப் போங்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இதற்கென்றே தனிச் சட்டங்கள் உண்டு. "எனக்கு வந்தால்தான் உனக்கு" என்ற ஷரத்தே அங்கே செல்லாது. இங்கே அப்படியொரு சட்டம் இல்லாதது எனக்குப் பெரிய வருத்தம்.

வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டுதான் கெடு. அது முடிவதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்திட்டு ஒரு கடிதம் தந்தால், அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு.

பாதித் தொகைக்குச் செக்கை நீட்டி, "முழுத் தீர்வு" என்று எழுதிய ரசீதில் கையெழுத்துக் கேட்பார்கள். சம்பளத்துக்கு ஆட்கள் வாசலில் நிற்கும்போது கை தானாகப் பேனாவை எடுக்கும். அந்தச் சொற்களை அடித்து, "பகுதித் தொகை மட்டும் பெற்றுக்கொண்டேன், மீதி இவ்வளவு" என்று தொகையோடு எழுதியபிறகே கையெழுத்துப் போடுங்கள்.