சின்னப் பிள்ளைகளோடு கோடைப் பயணம்: மூன்று சிறியதா, ஒன்று நீளமானதா?

கேள்வி: மூத்தவளுக்கு 4 வயது, சின்னவனுக்கு 1 வயது 10 மாதம். போன கோடையில் போட்ட பட்ஜெட்டைத் தாண்டி, மிச்சத்தைக் கிரெடிட் கார்டில் தேய்த்தோம். அந்தப் பாக்கி இன்னும் கொஞ்சம் நிற்கிறது. இந்த முறை ஆடம்பரம் வேண்டாம், எங்காவது அமைதியாகப் போய்வந்தால் போதும். வாரக்கடைசிகளில் இரண்டிரண்டு இரவாக மூன்று பயணம் போகலாமா, ஒரே பயணமாக வைத்துக்கொள்ளலாமா? கோடைக்கு 4 மாதம் இருக்கிறது. எவ்வளவு ஒதுக்குவது?

பதில்: முதல் வேலை கார்டு பாக்கியை அடைப்பது. மாதம் 3 சதவீத வட்டி என்றால், கூட்டு வட்டியாக ஆண்டுக்கு 42 சதவீதத்துக்கும் மேல் போகும். இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பழைய பாக்கி நிற்கும்போது பெரும்பாலான கார்டுகளில் வட்டியில்லாக் கால அவகாசம் போய்விடும். புதிதாக எடுக்கும் டிக்கெட்டுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆகவே பாக்கி தீரும்வரை எதையும் கார்டில் முன்பதிவு செய்யாதீர்கள். தீர்ந்த பிறகு, மாதாமாதம் கார்டுக்குக் கட்டிவந்த அதே தொகையைத் தனிச் சேமிப்புக் கணக்குக்குத் திருப்பிவிடுங்கள். கோடை தொடங்கும்போது அதில் என்ன இருக்கிறதோ அதுதான் உங்கள் பட்ஜெட். இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பணம் தேடினால் போன ஆண்டு நடந்ததுதான் திரும்ப நடக்கும்.

மூன்றா, ஒன்றா என்ற கேள்விக்கு என் பதில்: ஒன்று. போகவர ஆகும் செலவு, நீங்கள் எத்தனை இரவு தங்கினாலும் மாறாது. வாடகை வீடுகளில் வாங்கும் துப்புரவுக் கட்டணமும் அப்படித்தான், ஒரு முறை தங்கினால் ஒரு முறை. கணக்குப் போட்டுப் பாருங்கள். போகவர 30, துப்புரவுக்கு 10, ஒரு இரவு வாடகை 20 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இரவுப் பயணம் மூன்றுக்கு மொத்தம் 240, அதாவது இரவுக்கு 40. ஐந்து இரவுப் பயணம் ஒன்றுக்கு 140, இரவுக்கு 28. வாரக்கடைசி வாடகை பொதுவாகக் கூடுதல் என்பதை இதில் சேர்க்கவே இல்லை. தவிர, இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் புது இடத்தில் முதல் இரவு தூக்கம் சரியாக அமைவது அரிது. இரண்டு இரவுப் பயணத்தில் அவர்கள் பழகும் நேரத்தில் நீங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். மிச்ச வாரக்கடைசிகளுக்கு, காலையில் போய் மதியத் தூக்கத்துக்குள் வீடு திரும்பும் இடங்களே போதும். அதற்கும் ஒரு சிறு தொகையை முன்கூட்டியே ஒதுக்கிவையுங்கள்.

தூரம்: 3 மணி நேரத்துக்குள். காரில் போனால் 2 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது நிறுத்த வேண்டியிருக்கும், அதனால் 3 மணி நேரப் பாதை நடைமுறையில் 4 ஆகிவிடும். விமானத்தைப் பற்றி யோசித்தால் ஒன்றைக் கவனியுங்கள். 2 வயதுக்குள் இருக்கும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு குறைந்த கட்டணத்தில் போகலாம், ஆனால் கணக்கில் வருவது பயண நாளன்று உள்ள வயது. கோடையில் உங்கள் மகனுக்கு 2 முடிந்திருக்கும். நான்கு இருக்கைக்கு விலை பார்க்க வேண்டும், மூன்றுக்கு அல்ல. நள்ளிரவிலும் விடியற்காலையிலும் கிடைக்கும் மலிவு டிக்கெட், அந்த நேரத்து டாக்சிக்கும் பிள்ளைகளின் தூக்கம் கெட்டு வீணாகும் ஒரு நாளுக்கும் சேர்த்துப் பார்த்தால் மலிவாக இருக்காது.

தங்குமிடத்தில் இரண்டு விஷயங்களுக்கு மட்டும் தயங்காமல் பணம் கொடுங்கள். ஒன்று, கதவை மூடக்கூடிய தனிப் படுக்கையறை. ஒரே அறையில் பிள்ளைகள் 8 மணிக்குத் தூங்கிவிட்டால், பெரியவர்கள் இருட்டில் கிசுகிசுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இரண்டாவது, சமையலறை. ஐந்து நாளில் 15 வேளை. மதியம் மட்டும் வெளியே சாப்பிட்டால் மிச்சம் 10 வேளை. பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து ஒரு தட்டு என்று வைத்தாலும் வேளைக்கு 3 தட்டு, ஆக 30 தட்டு. அந்த 30 தட்டின் விலையில் மளிகைச் செலவைக் கழியுங்கள். சமையலறைக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் மொத்த வாடகை அதைவிடக் குறைவாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். காலை உணவு வாடகையிலேயே அடங்கும் ஓட்டல் என்றால் 15 தட்டுதான் கணக்கு, அப்போது ஓட்டலே கட்டுபடியாகலாம்.

பணத்தைத் திருப்பித் தராத முன்பதிவு பற்றி அவசியம் சொல்ல வேண்டும், ஏனென்றால் சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் அதிகம் இழப்பது இதில்தான். ரத்து செய்யக்கூடிய அறை 100, ரத்து செய்ய முடியாதது 85 என்று வைத்துக்கொள்ளுங்கள். பயணம் நின்றுபோக 15 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு இருந்தால் 100 கொடுப்பதே லாபம். இந்த வயதில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது சகஜம், உங்களுக்கு இரண்டு பிள்ளைகள். எல்லாச் சளியும் பயணத்தை நிறுத்தாது, ஆனால் முதல் நாள் இரவில் வரும் காய்ச்சல் நிறுத்திவிடும். ஆகவே எத்தனை நாள் முன்பு, எத்தனை மணிக்குள் ரத்து செய்யலாம் என்பதைப் பார்த்து வாங்குங்கள். பயணத்துக்கு முந்தைய நாள்வரை அனுமதிப்பதுதான் உங்களுக்குப் பயன்படும், 14 நாளுக்கு முன்பு முடிந்துவிடும் சலுகை பெயருக்குத்தான். தங்குமிடத்தை இப்படிப் பதிந்துவிட்டால், உள்நாட்டுப் பயணத்துக்கு ரத்துக் காப்பீடு எடுப்பதற்குப் பெரிய தேவை இல்லை. வெளிநாடு என்றால் மருத்துவக் காப்பீடு கட்டாயம் எடுங்கள், பாலிசியில் பிள்ளைகள் இருவர் பெயரும் இருக்க வேண்டும்.

தொகையைப் பிரிக்க ஒரு தொடக்கக் கணக்கு: மொத்தம் 100 என்றால் தங்க 40, போகவர 20, சாப்பாட்டுக்கு 20, உள்ளூரில் சுற்ற 5, கையிருப்பு 15. சுற்ற 5 போதுமா என்று தோன்றலாம். நடந்து போகும் தூரத்தில் மணல், ஆழமில்லாத தண்ணீர், நிழல் இருந்தால் இந்த வயதுக்கு அதுவே நிறைவு. முழுநாள் நுழைவுச்சீட்டு வாங்கினால், மதியத் தூக்கம் போக இரண்டு மூன்று மணி நேரம்தான் பயன்படுத்துவீர்கள். பணம் கொடுத்துப் போகும் இடம் பயணத்துக்கு ஒன்று போதும், அதையும் முதல் நாளில் வைக்காதீர்கள்.

கையிருப்பு 15 எதற்கு என்பதைக் கிளம்புமுன் இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். மருத்துவர், வழியில் ஒரு இரவு கூடுதலாகத் தங்குவது, வண்டி மாற்றுவது, இவ்வளவுதான். பொம்மையும் ஐஸ்கிரீமும் சாப்பாட்டுக் கணக்கில் வரட்டும். வெப்பமானி, எடைக்கேற்ற அளவில் மருத்துவர் எழுதிக்கொடுத்த காய்ச்சல் மருந்து, உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நான்கைந்து ஆகியவற்றை வீட்டிலிருந்தே எடுத்துப்போங்கள். கரைசல் பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் அளவு தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் ஒரே முறை கரைக்க வேண்டும், பாதி பாதியாகப் பிரிக்கக் கூடாது. டயப்பர் பயண நாளுக்கும் அடுத்த நாளுக்கும் கையில் இருக்கட்டும், மிச்சத்தைப் போன இடத்தில் வாங்கலாம்.

வாடகை வீடு எடுத்தால் பாதுகாப்பு முன்பணம் எவ்வளவு, எப்போது திரும்பும் என்று பதியும் முன்பே கேளுங்கள். கார்டில் அதை நிறுத்திவைத்தால், விடுவிக்கச் சில நாட்கள் ஆகும், அதுவரை உங்கள் வரம்பு குறைந்தே இருக்கும். உள்ளே நுழைந்ததும் சுவர், சோபா, மெத்தை, கண்ணாடிப் பொருட்களைப் படம் எடுத்து அன்றைக்கே உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். இரண்டு வயதுக் குழந்தை இருந்த வீட்டில் பழைய கறைக்கும் உங்களிடம்தான் பணம் கேட்பார்கள்.