போதகர் பதில்கள்

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது. வகுப்பிலேயே குள்ளம். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் "சகேயு" (பைபிளில் வரும் குள்ள மனிதன்) என்று கூப்பிடுகிறார்கள். வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடலாமா என்று யோசிக்கிறோம். "கவலைப்பட்டு யார் தன் சரீரத்தில் ஒரு முழத்தைக் கூட்டுவான் என்று இயேசுவே கேட்டாரே" என்று மாமியார் தடுக்கிறார். நாங்கள் லுத்தரன் சபை.
- ஒரு தாய், நாகர்கோவில்

பதில்: அந்த வசனம் (மத்தேயு 6:27) கவலையைத்தான் கண்டிக்கிறது, மருந்தை அல்ல. மாமியார் கண்புரை அறுவை செய்துகொண்டவர் என்றால், அதை மெதுவாக நினைவுபடுத்துங்கள்.

பையனுக்கு ஹார்மோன் குறைவா, இல்லை ஆரோக்கியமாகவே குள்ளமா? ரத்தப் பரிசோதனை, கை எக்ஸ்ரே எல்லாம் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். குறைவு என்றால் தயங்காமல் போடுங்கள். அது சிகிச்சை, அதில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை.

சங்கடம் இரண்டாவதில்தான், அதாவது ஆரோக்கியமாகவே குள்ளமாக இருந்தால். ஒரு காலத்தில் இந்த ஹார்மோனை இறந்தவர்களின் சுரப்பியிலிருந்து எடுத்தார்கள். கிடைத்த கொஞ்சமும் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கே போனது. 1985-இல் ஆய்வகத் தயாரிப்பு வந்தது, தட்டுப்பாடு தீர்ந்தது. 2003-இல் அமெரிக்காவில், காரணம் தெரியாமல் மிகக் குள்ளமாக இருக்கும் பிள்ளைகளுக்கும் அனுமதி கொடுத்துவிட்டார்கள். வருடக்கணக்கில் ஊசி போட்டு அவர்களுக்குக் கிடைப்பது சராசரியாக 5 சென்டிமீட்டர், முன்பின்.

பிலிப் ஹெஃப்னர் என்ற அமெரிக்க லுத்தரன் இறையியலாளர், மனிதன் படைக்கப்பட்டவன், அதோடு கடவுளுடன் சேர்ந்து படைக்கிறவனும்கூட என்பார். ஆகவே "கடவுள் வேலையில் கைவைக்காதே" என்ற ஒற்றை வரி போதாது. ஆனால் 2008-இல் கத்தோலிக்கத் தலைமையான வத்திக்கான் வெளியிட்ட 'டிக்னிதாஸ் பெர்சோனே' என்ற ஆவணம் வேறொன்றைக் கேட்கிறது. அது மரபணு மாற்றம் பற்றிப் பேசுகிறது என்றாலும் இங்கேயும் பொருந்தும்: ஒரு சமுதாயம் மெச்சுகிற குணங்களை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், அவை இல்லாதவர்கள் மேல் களங்கம் விழாதா? நம் சபை ஆவணம் இல்லைதான். ஆனாலும் என் ஓட்டு இதற்கே.

நான் ஐந்தடி இரண்டங்குலம். பிரசங்க மேடையில் பலகை போட்டு நின்றே ஊழியம் முடித்தேன். லூக்கா 19-ஐ மறுபடி வாசியுங்கள். இயேசுவைப் பார்க்கச் சகேயுவை மரத்தில் ஏற்றியதில் வழிவிடாத ஜனக்கூட்டத்துக்கும் பங்குண்டு. இயேசு அவனை உயரமாக்கவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டு அவன் வீட்டுக்குப் போனார். ஊசிக்குப் பணம் கட்டுமுன் ஞாயிறு பள்ளி ஆசிரியரிடம் பேசுங்கள். அப்புறம் பையனையும் கேளுங்கள். தினமும் குத்து வாங்கப்போவது அவன்தானே.

கேள்வி: மூளைக்குள் சிப் வைக்கிறார்களே, இதுதானே பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் சொல்லும், மிருகத்தின் 666 முத்திரை?
- ஒரு வாலிபர், தூத்துக்குடி

பதில்: இல்லை தம்பி. ஆதார் வந்தபோது மிசோரத்தில் சிலர் இதே பயத்தில் எடுக்க மறுத்தார்கள். அந்த முத்திரை யாரை வணங்குகிறோம் என்பதைப் பற்றியது. 2024 ஜனவரியில் நியூராலிங்க் சிப்பை முதலில் பொருத்திக்கொண்டவர் தோளுக்குக் கீழே அசைவில்லாதவர். நினைப்பாலேயே கணினியில் சதுரங்கம் ஆடினார். அதைப் பார்த்து நான் ஸ்தோத்திரம்தான் சொன்னேன்.

பயப்படத்தான் வேண்டுமென்றால் இதற்குப் பயப்படுங்கள். பார்வையிழந்தவர்களுக்காக 'ஆர்கஸ்' என்ற விழித்திரைக் கருவியைச் செய்த செகண்ட் சைட் நிறுவனம், லாபமில்லை என்று அதைக் கைவிட்டது. கண்ணுக்குள் அந்தக் கருவியோடு இருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்டோர், பழுதானால் பார்க்க ஆளில்லாமல் நின்றார்கள்.