தரையில் வேட்டையாடிய முதலைகள்

அன்புள்ள அக்கா,

ஆவணியில் எங்கள் குளம் வற்றியபோது ஒரு முதலை வரம்பேறி அடுத்த குளத்துக்கு நடந்து போனது. வயிறு நிலத்தில் படவேயில்லை. தரையிலேயே வாழ்ந்த முதலைகள் முன்பு இருந்தனவாமே? தண்ணீருக்குள் இழுத்து அமுக்க முடியாமல் அவை எப்படி இரையைக் கொன்றன? முதலை டைனோசரிலிருந்து வந்தது என்கிறான் மகன். சரியா?

வெல்லாவெளியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

மகனுக்கு முதலில் சொல்லிவிடுவோம். முதலை டைனோசரிலிருந்து வரவில்லை. இரண்டும் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்த கிளைகள். டைனோசர் கிளையில் இன்று மிஞ்சியிருப்பவை பறவைகள். ஆகவே முதலைக்குக் கிட்டிய சொந்தம் உடும்பு அல்ல, வாவிக்கரைக் கொக்குதான்.

இனி வேட்டை. பல்லைப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். நம் குளத்து முதலையின் பல் கூம்பு வடிவம்; குத்திப் பிடிக்கும், வெட்டாது. அதனால்தான் பெரிய இரையைத் தண்ணீருக்குள் இழுத்து, உடம்பைச் சுழற்றிப் பிய்க்கிறது. தரை முதலைகள் பலவற்றின் பல்லோ பக்கவாட்டில் தட்டையானது. விளிம்பில், வேளாண்மை வெட்டும் அரிவாளில் இருப்பதுபோல் நுண்ணிய கருக்கு.

தென் அமெரிக்காவின் தென்கோடியான படகோனியாவில் கிடைத்து, 1937இல் தொல்லுயிர் ஆய்வாளர் ஜார்ஜ் கேலார்ட் சிம்ப்சன் பெயரிட்ட செபெக்கஸ் அப்படிப்பட்டது. முகம் ஒடுங்கி உயர்ந்திருக்கும். கண்கள் உச்சியில் இல்லை, பக்கவாட்டில். தண்ணீருக்குள் ஒளிந்திருந்து எட்டிப் பார்க்கும் தேவை அதற்கு இருக்கவில்லை. உயரமான மூஞ்சி, மேலிருந்து கீழே இறங்கும் கடியின் விசையை நன்றாகத் தாங்கும்.

பிரேசிலின் பௌருசூக்கஸ் என்ற தரை முதலை டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதியில் வாழ்ந்தது. அதன் மண்டையோட்டைக் கணினியில் சோதித்து 2020இல் வெளியான ஆய்வு, கடியின் விசை எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்றது. எனக்கு அது வியப்பாக இல்லை. வெட்டும் பல் இருந்தால் நொறுக்க வேண்டியதில்லை. கடித்து, தன் கழுத்தை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்தால் சதை கிழியும். புதருக்குள் பதுங்கியிருந்து குறுகிய தூரம் பாய்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன். நெடுந்தூரம் துரத்தும் உடல் அல்ல அது.

என்ன தின்றன என்பதற்கும் சாட்சி உண்டு. அதே குடும்பத்து அப்லெஸ்டோசூக்கஸின் வயிற்றுப் பகுதியில் இன்னொரு சிறிய தரை முதலையின் மிச்சம் கிடைத்தது. 2014இல் அதை அறிவித்தார்கள். முதலையை முதலை தின்றிருக்கிறது!

இன்னும் பழையது, முதலைக் கிளையின் தூரத்துச் சொந்தமான சவுரோசூக்கஸ். சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய அர்ஜென்டினாவில், உடம்புக்கு நேர் கீழே ஊன்றிய கால்களோடு நடந்தது. அங்கே அன்று மிகப் பெரிய வேட்டை விலங்குகளில் அதுவும் ஒன்று. டைனோசர்களும் அதற்கு அஞ்சித்தான் திரிந்திருக்கும்.

நீங்கள் கண்ட முதலை இவற்றின் நேர் வாரிசு அல்ல. ஆனாலும் கோடையில் அது குளம் மாறிப் போகும்போது தள்ளி நில்லுங்கள், மகனையும் கிட்டப் போக விடாதீர்கள். தரையில் நின்றாலும் அதன் பாய்ச்சல் வேகமானதுதான்.

தரை வேட்டைக்காரர்கள் நாம் நினைப்பதைவிட நெடுங்காலம் தாக்குப்பிடித்தன. டொமினிக்கன் குடியரசில் கிடைத்த பல்லையும் முதுகெலும்பையும் 2025இல் ஆராய்ந்தபோது, செபெக்கஸின் உறவினங்கள் கரீபியன் தீவுகளில் சுமார் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்வரைகூட இருந்தது தெரியவந்தது.