நெல் குறைப்புத் திட்டத்தை 2018-லேயே கைவிட்ட ஜப்பானில், 2025-ல் அரிசி விலை இரட்டிப்பானது ஏன்?

கைவிட்டது பாதிதான். 1970-ல் தொடங்கிய 'கென்தான்' திட்டத்தில், விலை சரியாமலிருக்க நெல் பரப்பைக் குறைத்தார்கள். 2018-ல் நின்றது, முக்கியமாக, அரசு உற்பத்தி அளவைப் பங்கிட்டுக் கொடுக்கும் முறைதான். மாற்றுப் பயிருக்கான மானியம் அதன் பிறகும் தொடர்ந்தது: சாப்பாட்டு அரிசிக்குப் பதில் கால்நடைத் தீவன நெல் போட்டால், கால் ஏக்கருக்கு விளைச்சலையும் ரகத்தையும் பொறுத்து 55,000 முதல் 1,05,000 யென் வரை கிடைத்தது. பிறகு யார் சாப்பாட்டு நெல்லைக் கூட்டிப் பயிரிடுவார்கள்?

இப்படித் தேவையை ஒட்டியே விளைவித்தால் கையிருப்பு மெலிந்துதான் இருக்கும். 2023 கோடை வெயிலில் அரிசியின் தரம் கெட்டு, அரைவையில் தேறியது குறைந்தது. விலை ஏற அந்தச் சிறு இடறலே போதுமானதாக இருந்தது. இறக்குமதியும் எளிதில் கைகொடுக்காது. ஒதுக்கீட்டுக்கு மேல் வருவதற்குக் கிலோவுக்கு 341 யென் வரி.

2025 மார்ச்சில் அரசு சேமிப்பு அரிசியை ஏலம் விட்டது. பெரும்பகுதியை எடுத்தது விவசாயக் கூட்டுறவான ஜேஏ. கடைகளுக்கு வந்து சேரவே வாரக்கணக்கானது.  மே இறுதியில், அப்போது புதிதாக வந்த வேளாண் அமைச்சர் கொய்சுமி ஷின்ஜிரோ ஏலத்தை விட்டுவிட்டு நேரே சில்லறைக் கடைகளுக்கு விற்றார். 4,000 யென் தாண்டியிருந்த ஐந்து கிலோ பை, பழைய அரிசியாக, சுமார் 2,000-க்குக் கிடைத்தது.