தந்தமா, சந்தனமா?

கேள்வி: எங்கள் ஹால் 12-க்கு 14 அடி. இருப்பது ஒரே பெரிய ஜன்னல், அதுவும் மேற்குப் பார்த்தது. மாமனார் காலத்துச் சிவப்பு ஆக்சைடு தரை. சுவருக்குத் தந்த நிறம் போதும் என்கிறேன் நான். சந்தன நிறம்தான் மங்களகரம் என்கிறார் மாமியார். ஷேட் கார்டில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. எதை அடிக்கலாம்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: கார்டில் அப்படித்தான் இருக்கும். தபால்தலை அளவுத் துண்டில் அடங்கிக் கிடக்கும் மஞ்சள், நான்கு சுவரிலும் ஏறியதும் ஒன்றின் மேல் ஒன்று பட்டுத் தெறித்துத் தூக்கலாகிவிடும்.

முப்பது வருஷமாகப் பெயிண்டிங் வேலை எடுத்துச் செய்யும் நானே என் வீட்டில் சறுக்கினேன். உங்களுடையதைப் போலவே சிவப்புத் தரை, மேற்கு ஜன்னல். ஆசைப்பட்டுச் சந்தனம் அடித்தேன். மதியம் வரை லட்சணமாக இருந்தது. நாலரை மணி வெயில் தரையில் விழுந்ததும் அந்தச் சிவப்பு முழங்கால் உயரத்துக்குச் சுவரில் ஏறிவிட்டது. “கேசரிச் சட்டிக்குள்ள உட்கார்ந்த மாதிரி இருக்கு” என்றாள் மனைவி. மறுபடி பிரைமரிலிருந்து ஆரம்பித்தேன்.

அதனால் என் ஓட்டு தந்தத்துக்கு. அந்த வெயிலும் தரையும் சேர்ந்து அதையே சாயங்காலம் இளஞ்சந்தனமாக்கிவிடும், மாமியாருக்கும் குறையிருக்காது.

என் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டிலும் சின்ன டப்பா வாங்கி, இரண்டு அடி அட்டைகளில் இரண்டு கோட் அடித்து, ஒரு ராத்திரி காயவிடுங்கள். எமல்ஷன் ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்தால்தான் உண்மை நிறம். பழைய சுவரிலேயே அடித்துப் பார்த்தால் பக்கத்து நிறம் கண்ணை ஏமாற்றும். அட்டையை ஜன்னலுக்கு எதிரில் ஒரு நாள், தரையோரம் ஒரு நாள் வைத்துக் காலை, மாலை, விளக்கு போட்ட பிறகு என்று பாருங்கள். பல்பு டப்பாவில் 6500 கெல்வின் என்றிருந்தால் நீலம் கலந்த வெளிச்சம், சந்தனம் அழுக்கேறியதுபோல் தெரியும். 3000 என்றால் மஞ்சள் இன்னும் கூடும். பல்பை மாற்றுகிற எண்ணம் இருந்தால் முதலில் மாற்றிவிடுங்கள்.

அப்புறம், மெஷினில் கலந்த பெயிண்டைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார். அட்டையை மாமியாரும் ஒரு சாயங்காலம் பார்த்த பிறகே முழு அளவுக்கு ஆர்டர் கொடுங்கள்.