மூன்று கடிகாரம், ஒரு மணிக்கட்டு

அன்புள்ள ஐயா,

அடுத்த மாதம் மதுரையிலிருந்து துபாயில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறேன். பல வருடச் சேமிப்பில் அங்கே ஒரே ஒரு நல்ல கடிகாரம் வாங்க ஆசை. பட்டியல் மூன்றில் வந்து நிற்கிறது: பதேக் பிலிப் 5396 ஆனுவல் கேலண்டர், ஜெகர்-லெகூல்த்ர் மாஸ்டர் அல்ட்ரா தின் பெர்பெச்சுவல், லாங்கே டேட்டோகிராஃப் அப்/டவுன். அளவும் படமும் எனக்கு மனப்பாடம். கட்டிப் பார்த்தால் இதற்கு மேல் என்ன தெரியப்போகிறது? கடையில் எதைக் கவனிக்க வேண்டும்? என் மணிக்கட்டுச் சுற்றளவு 16.5 செ.மீ. எப்போதும் அரைக்கைச் சட்டைதான். கல்யாணம், கோயில் விசேஷம் என்றால் கட்டுவேன், மற்ற நாளில் பேங்க் லாக்கரில் இருக்கும்.

மு.செ., திருமங்கலம்

அன்புள்ள மு.செ.,

எதை வாங்குவது என்பதில் பாதியை உங்கள் கடைசி வரியே தீர்மானித்துவிடுகிறது. இந்த மூன்றும் லாக்கருக்குள் போன இரண்டு மூன்று நாளில் நின்றுவிடும். பெர்பெச்சுவல் கேலண்டரின் பெருமை, பிப்ரவரி 28-ஐயும் 29-ஐயும் தானே அறிந்து 2100 வரை திருத்தமே வேண்டாமல் ஓடுவது. ஓடிக்கொண்டிருந்தால்தான் அந்தப் பெருமை. நின்றுவிட்டால் நீங்கள்தான் தேதியைத் தள்ள வேண்டும். ஜெகரின் அந்த இயந்திரத்தில் தேதி, கிழமை, மாதம், வளர்பிறை தேய்பிறை காட்டும் நிலா எல்லாம் ஒரே பட்டனில் சேர்ந்து நகரும். ஒரு அழுத்துக்கு ஒரு நாள். ஆறு மாதம் லாக்கரில் கிடந்தால் ஏறக்குறைய 180 தடவை அழுத்த வேண்டும். எண்ணிக்கை தவறி இரண்டு நாள் முன்னே போய்விட்டால் பின்னே கொண்டுவர வழியில்லை. கடிகாரத்தை நிறுத்திவைத்து நிஜத் தேதி வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் தவறினால் சர்வீஸ் சென்டர்தான்.

5396-இல் ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டன், கேஸின் பக்கவாட்டில் பதித்திருக்கும். கிழமைக்கு அதிகபட்சம் ஆறு அழுத்து, தேதிக்கு முப்பது. தொடர்ந்து ஓடினால் வருடத்தில் ஒரே ஒரு திருத்தம், பிப்ரவரி முடிந்து மார்ச் பிறக்கும்போது. டேட்டோகிராஃபில் பத்து மணிப் பக்கம் இருக்கும் பட்டனை விரலால் அழுத்தினாலே பெரிய தேதி நகரும். ஆக, லாக்கரில் வைப்பவருக்கு ஜெகர் சரிப்படாது. தினமும் கட்டுபவராக இருந்தால் இதையே மாற்றிச் சொல்லியிருப்பேன்.

இப்போது கடைக்கு வருவோம். முதலில் போனில் பேசி, அந்த மாடல் கடையில் இருக்கிறதா, இருப்பது விற்பனைக்கா காட்சிக்கா என்று கேட்டு, நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். கையில் காப்பு, மோதிரம் இருந்தால் கழற்றிவிடுங்கள். தங்கக் கேஸில் கீறல் விழ ஒரு உரசல் போதும்.

கடையில் முக்கால்வாசிக் கடிகாரங்கள் பத்து பத்தில் நின்றிருக்கும். அது காலைப் பத்தா இரவுப் பத்தா என்று டயலைப் பார்த்து எப்போதும் சொல்ல முடியாது. இரவு எட்டு மணியிலிருந்து விடிகாலை மூன்று வரை தேதிச் சக்கரங்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கும் நேரம். அப்போது திருத்தும் பட்டனை அழுத்தினால் பல் உடையலாம், நெம்புகோல் வளையலாம். அதனால் பட்டனைத் தொடுவதற்கு முன் முள்ளை முன்னோக்கிச் சுற்றி ஆறு மணியில் வைக்கச் சொல்லுங்கள். காலை ஆறானாலும் மாலை ஆறானாலும் ஆபத்தில்லை. விற்பனையாளரே மறந்தாலும் நீங்கள் மறக்க வேண்டாம்.

அடுத்து, சாவி கொடுக்கச் சொல்லுங்கள், இருபது சுற்றாவது. சாவி இல்லாத குரோனோகிராஃபை (ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள கடிகாரம், டேட்டோகிராஃப் அந்த வகை) அழுத்திப் பார்த்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. டேட்டோகிராஃபில் மேல் பட்டனை மெதுவாக அழுத்துங்கள்: விரலுக்கு எதிர்ப்பு தெரிந்து, பிறகு ஒரே வெட்டாக இறங்க வேண்டும். புறப்படும்போது வினாடி முள் துள்ளுகிறதா பாருங்கள். படுக்கைவசத்தில் பல்லோடு பல் சேரும் கிளட்ச் என்பதால் சிறு துள்ளல் குறையல்ல. பிறகு ஒரு முழு நிமிடம் காத்திருங்கள். பலர் பத்து வினாடியில் நிறுத்திவிடுகிறார்கள். அறுபதாவது வினாடியில் நிமிட முள் ஒரே தாவலாக அடுத்த கோட்டுக்குப் போவதுதான் இந்த இயந்திரத்தின் அழகு. ஓடும்போதே கீழ்ப் பட்டனை அழுத்திப் பிடித்தால் முள் பூஜ்யத்துக்கு வரும், விட்டதும் அங்கிருந்தே மறுபடி ஓடும். பிறகு கடிகாரத்தைத் திருப்பி, பின்கண்ணாடி வழியே பார்த்தபடி இதையெல்லாம் மறுபடி செய்யுங்கள். எந்தப் படத்திலும் கிடைக்காத காட்சி அது.

கட்டிப் பார்ப்பது கடைசி வேலை. தடிமன் ஜெகருக்கு 9.2 மி.மீ., பதேக்குக்கு 11.2, லாங்கேக்கு 13.1. முழுக்கைச் சட்டைக்காரருக்கு 13 மி.மீ. தொல்லைதான், பித்தான் போட்ட கைப்பட்டிக்குள் நுழையாது. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. எடையைக் கவனியுங்கள். பிளாட்டினம் ஸ்டீலைவிட இரண்டரை மடங்குக்கு மேல் கனம். கையைத் தொங்கவிட்டு நாலு தடவை ஆட்டுங்கள். கடிகாரத்தின் தலை பக்கவாட்டில் சரிந்தால் ஸ்ட்ராப் துளை சரியில்லை, அல்லது அந்தக் கேஸ் உங்கள் மணிக்கட்டுக்குப் பெரிது. சுற்றளவைவிட மணிக்கட்டின் தட்டையான மேல்பரப்பு எத்தனை மி.மீ. அகலம் என்பதே முக்கியம். வீட்டிலேயே ஸ்கேல் வைத்து அளந்துகொண்டு போங்கள். ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகளின் முனைக்கு முனை நீளம் அதைத் தாண்டக்கூடாது.

மால் ஏசியில் மணிக்கட்டு சுருங்கியிருக்கும். அங்கே பொருந்திய துளை, சித்திரை வெயிலில் மாசி வீதியில் நடக்கும்போது கையை இறுக்கும். அடுத்த துளையிலும் மாட்டிப் பாருங்கள், இடையே சுண்டு விரல் நுழைய வேண்டும். முதலைத்தோல் ஸ்ட்ராப் நம் ஊர் வியர்வைக்கு நெடுநாள் தாங்காது. வெயில் காலத்துக்கு உள்பக்கம் ரப்பர் வைத்த ஸ்ட்ராப் ஒன்றைச் சேர்த்தே கேளுங்கள்.

டயலைக் கடை விளக்கில் மட்டும் பார்க்காதீர்கள். வாசல் பக்கத்துப் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோகலாமா என்று கேளுங்கள். நாற்பதைத் தாண்டியவர் என்றால் வாசிப்புக் கண்ணாடி போடாமல் கிழமை, மாதத்தைப் படித்துப் பாருங்கள். லாங்கேயின் பெரிய தேதி எட்டத்திலேயே தெரியும். ஜெகரின் சின்ன வட்டங்கள் சிலருக்குத் தெரியாது. போனில் கிட்டத்தில் எடுத்த படம் எந்தக் கடிகாரத்தையும் பெரிதாகக் காட்டும். இரண்டு மீட்டர் தள்ளிக் கண்ணாடியில் பார்ப்பதே நிஜ அளவு.

நிலா வட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மதுரைக்காரருக்கு இது வேண்டும். 59 பல் சக்கரம் சந்திர மாதத்தை 29.5 நாளாகக் கணக்கிடும். நிஜ மாதம் அதைவிட 44 நிமிடம் நீளம். அதனால் இரண்டரை ஆண்டு தாண்டியதும் ஒரு நாள் பிசகும். 135 பல் சக்கரத்தில் அதே பிசகுக்கு 122 ஆண்டு ஆகும், 5396 இந்த வகை. அழகர் ஆற்றில் இறங்கும் சித்ரா பௌர்ணமிக்கு எடுத்துக் கட்டுபவர், முதல்நாள் தினசரி காலண்டரைப் பார்த்துச் சரிசெய்துகொண்டால் போதும்.

என் வாக்கு 5396-க்கே. 38.5 மி.மீ. அகலம் 16.5 செ.மீ. கைக்குக் கச்சிதம். லாங்கேயின் பட்டன் உங்கள் விரலை மயக்கிவிட்டால் அதையே வாங்குங்கள், மறுத்துச் சொல்ல எனக்குக் காரணம் இல்லை.

துபாய் நேரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி பின்னால். புதுக் கடிகாரத்தில் நேரத்தை மாற்றும்போது நள்ளிரவைத் தாண்டிப் பின்னோக்கிச் சுற்ற வேண்டாம், விடிந்தபின் செய்யுங்கள். திரும்பும்போது முன்னோக்கிச் சுற்றுவதால் கவலை இல்லை. மதுரை விமான நிலையத்தில் பில்லைக் காட்டி அறிவித்து வரி கட்டுங்கள். கையில் கட்டியிருப்பதால் விலக்கு கிடையாது. வரியைச் சேர்த்துக் கூட்டிய பிறகு சென்னை விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கே வாங்கினால் 10 லட்சத்துக்கு மேற்பட்ட கைக்கடிகாரத்துக்கு 2025 ஏப்ரல் 22 முதல் 1% டிசிஎஸ் (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிக்கிறார்கள். அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.